பிளாஸ்திரிக்கு அடியில்

குழந்தைகள் வார்டில் அழுகிற குழந்தையைப் பற்றி நர்ஸ்கள் கவலைப்படுவதில்லை. அழாத குழந்தையைத்தான் அவர்கள் திரும்பத் திரும்ப வந்து பார்ப்பார்கள். ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த ஆறு வயதுச் சிறுமி நேற்றிலிருந்து அழவில்லை.

பட்டாசு தன் முதலாளியோடு கதவருகில் நின்றே அந்தக் கட்டிலைப் பார்த்தாள். உலர்ந்து வெடித்த உதடு. பாதி மூடிய கண். ஓடி வந்து படுத்ததுபோல மேலும் கீழும் ஏறி இறங்கும் நெஞ்சு. பக்கத்தில் ஸ்டூலில் அம்மாக்காரி, ஒரு கையால் போர்வையின் விளிம்பைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். காற்றுக்குப் போர்வை பறந்துவிடும் என்று பயப்படுகிறவள் மாதிரி. அறையில் காற்றே இல்லை.

"பாஸ், இங்க ஜோக் அடிச்சா பாவம் பிடிக்குமா?"

"பிடிக்கும்."

"அப்ப வெளியில போய்ப் பேசலாம்."

பட்டாசு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. வாயைத் திறந்தால் வெடிப்பதால் ஒட்டிக்கொண்டது. அவளுடைய முதலாளிக்கும் அப்படித்தான், தராசு என்று பட்டம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்யையும் மெய்யையும் எடைபோட்டுச் சம்பாதித்தது. அந்த வேலையை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறிய வந்த பிறகும் பட்டம் மட்டும் அவரை உதறவில்லை. இருவரையும் சேர்த்துக் கூப்பிட்டால் கடைப் பெயர் மாதிரி இருக்கும், கூப்பிடுகிறவர்கள் சிரிப்பார்கள். இன்று கூப்பிட்டவள் சிரிக்கவில்லை.

அவள் சிறுமியின் அத்தை. செத்துப்போன அப்பாவின் அக்கா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தாழ்வாரத்துக் குழாயடியில் நின்று, வகுப்பில் பேசுகிற குரலைப் பாதியாகக் குறைத்துப் பேசினாள்.

"என் தம்பி போனப்புறம் இவ இன்னொருத்தரைக் கட்டிக்கிட்டா. நான் குறுக்க நிக்கல. சின்ன வயசு, தனியா எவ்வளவு நாள் இருப்பா? ஆனா என் தம்பி பொண்ணு மேல அந்த ஆளு கை வெச்சா சும்மா விடமாட்டேன்."

"கை வெச்சாருன்னு எப்படித் தெரியும்?" என்றார் தராசு.

"காய்ச்சல் வந்த புதுசுல பாக்கப் போனேன். கவுன் மாத்தலாம்னு தூக்கினா, இடுப்புக்குக் கீழ, எலாஸ்டிக் படியற இடத்துல, சிகரெட் நுனி அளவுக்கு வட்டமா, கருகின மாதிரி ஒரு புண்ணு. சுத்திச் சிவப்பு. 'என்னடி இது?'ன்னு கேட்டேன். அவ அம்மா வெடுக்குனு கவுனை இழுத்து மூடிட்டா. மறுநாள் போறேன், அது மேல பிளாஸ்திரி. அந்த ஆளு சிகரெட் பிடிக்கறவரு."

"காய்ச்சல்?"

"சூடு வெச்சதோட விட்டானோ, எதையாவது கலந்து கொடுத்தானோ! பத்து நாளா இறங்காத காய்ச்சல் சும்மாவா வரும்? டாக்டர்கிட்ட வாயைத் திறக்கல நான். ஆதாரம் இல்லாம சொன்னா அவன் உஷாராயிடுவான். சாயந்தரத்துக்குள்ள நீங்க ஆதாரம் கொண்டாங்க. இல்லன்னா நேரா போலீஸ்தான்."

தராசு தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பட்டாசு பிறகு பலமுறை நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

வார்டை விட்டு வெளியே வந்த டாக்டரம்மாவை அவர்கள் மடக்கினார்கள். இரவு முழுக்க நின்ற கால்களோடு, சுவரில் சாய்ந்துகொண்டு பேசினாள். "மலேரியா இல்ல, டெங்கு இல்ல, டைபாய்டும் இல்ல. மருந்தை மாத்தி மாத்திப் பாத்துட்டேன், அசைய மாட்டேங்குது. ஈரல் வீங்கியிருக்கு. இன்னிக்கு மூச்சும் வாங்குது. சாயந்தரத்துக்குள்ள சரியாகலன்னா மூச்சு விட வைக்கற மெஷின்ல போடணும். மெஷின்ல போட்டா..." மீதியைச் சொல்லாமல் அடுத்த வார்டுக்குப் போய்விட்டாள்.

"எல்லாருக்கும் சாயந்தரம்தான் கெடு போல," என்றாள் பட்டாசு. சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது.

*

சிறுமியின் வீடு தெருவின் கடைசியில் இருந்தது. இரண்டே அறை. அதற்கு அப்பால் யாரும் கட்டாமல் விட்ட காலி மனை; ஆள் உயரத்துக்குப் புல்லும் புதரும் மண்டிக் கிடந்தது. கதவைத் திறந்தவன் அம்மாக்காரியின் இரண்டாவது புருஷன்; கையில் சோப்பு நுரை. சிறுமியின் சின்னச் சின்ன உடுப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தான். லாரி மெக்கானிக்; நகக்கண்ணில் எத்தனை சோப்புக்கும் போகாத கிரீஸ்.

"குழந்தையோட அத்தை அனுப்பினாங்க," என்றார் தராசு, சுற்றி வளைக்காமல்.

"தெரியும். என்னைப் புடிச்சுக் கொடுக்கத்தானே? உள்ள வாங்க."

மடியில் கனமில்லாதவன் பேச்சா, கனத்தை எப்போதோ இறக்கி வைத்தவன் பேச்சா என்று பட்டாசுக்குப் பிடிபடவில்லை. அவன் கண்கள் சிவந்திருந்தன. தூக்கமில்லாமலும் இருக்கலாம், வேறு எதனாலும் இருக்கலாம்.

ஜன்னலோரத்தில் அம்மாக்காரியின் வேலை மேஜை. அவள் வீட்டிலிருந்தே செல்போன் ரிப்பேர் பார்ப்பவள். பச்சை ரப்பர் விரிப்பு, கடுகளவு ஸ்க்ரூக்கள், வயிற்றைப் பிளந்து வைத்த நாலைந்து போன்கள். ஈயத்தால் பற்றவைக்கும் சால்டரிங் கம்பியைச் செருகி வைக்கும் ஸ்பிரிங் ஸ்டாண்ட் இருந்தது. கம்பி இல்லை.

"ஒரு சிகரெட் கிடைக்குமா?" என்றார் தராசு. அவர் வாழ்நாளில் சிகரெட் பிடித்தவரல்ல.

"இல்ல. விட்டுட்டேன்."

"ஆஸ்பத்திரி அலைச்சல்ல மனுஷன் புதுசாப் பிடிக்க ஆரம்பிப்பான். நீங்க விட்டுட்டீங்களா?"

"வாங்கி வெச்சிருந்ததைக் காணோம். லைட்டரையும் காணோம். என் பொண்டாட்டிதான் தூக்கிப் போட்டிருக்கணும். ஏன்னு நான் கேக்கல."

"ஏன் கேக்கல?"

அவன் பின்பக்கம் போய்த் துணியைப் பிழிந்தான். தேவைக்கு அதிகமாகவே பிழிந்தான்.

தராசு ஜன்னல் வழியே புதரைக் கண்ணால் காட்டினார். பட்டாசு முணுமுணுத்துக்கொண்டே போனாள். "குளிர்சாதன அறையில உக்காந்து துப்பறியற பாஸ் யாருக்கோ கிடைக்கறாங்க. எனக்கு வாய்ச்சது இது." புல் முழங்காலுக்கு மேல் உரசியது. ஜன்னலுக்கு நேர் கீழே கண்ணாடிச் சாம்பல் கிண்ணம், லைட்டர், பிரிக்கவே பிரிக்காத சிகரெட் பாக்கெட். இன்னும் கொஞ்சம் உள்ளே, புதர் வளைந்து குகைபோல ஆன இடத்தில், ஒரு பொம்மை உட்கார்ந்திருந்தது. எதிரே பிளாஸ்டிக் மூடியில் மண் பரிமாறியிருந்தது. சிறுமியின் விளையாட்டு வீடு. பட்டாசு அதைத் தொடாமல், மண்டியிட்டபடியே பின்வாங்கினாள்.

திரும்பி வரும்போது, வாசலில் நின்ற அவனுடைய ஸ்கூட்டரின் சீட் சரியாக மூடாமல் தூக்கிக்கொண்டிருந்தது. அவள் லேசாகத் தூக்கினாள். ஸ்பானர்களுக்கு நடுவே, பழைய பனியனில் சுற்றி, சால்டரிங் கம்பி.

"இது என்ன?" என்று அவனிடமே நீட்டினாள்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "ரிப்பேருக்குக் கொண்டுபோறேன்," என்றான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் சொன்ன பொய்.

*

"முடிஞ்சுது பாஸ்!" என்று பைக்கின் பின்சீட்டிலிருந்து காதுக்குள் கத்தினாள் பட்டாசு. "கம்பியோட நுனியும் சிகரெட் நுனி சைஸ்தான். குழந்தைக்குச் சூடு வெச்சிருக்கான், ஆயுதத்தைச் சீட்டுக்கு அடியில ஒளிச்சிருக்கான். கையும் களவுமா மாட்டினான்!"

"சாம்பல் கிண்ணத்தைப் புதர்ல போட்டது யாரு?"

"அம்மாக்காரி."

"பிரிக்காத பாக்கெட்டைக்கூட விடாம ஏன் போட்டா?"

"புருஷன் சிகரெட்டால சுட்டான்னு நினைச்சிருப்பா. யார் கண்ணுலயும் பட்டுடக் கூடாதுன்னு..." அவள் குரல் கம்மியது. "இருங்க பாஸ். சிகரெட்டால சுட்டிருந்தா, அவன் எதுக்குக் கம்பியை ஒளிச்சான்?"

தராசு பைக்கை ஓரமாக நிறுத்தினார். "குத்தம் பண்ணினவன் தன்னோட ஆயுதத்தைத்தான் ஒளிப்பான். இவ அவரோட சிகரெட்டை ஒளிச்சா. அவர் இவளோட கம்பியை ஒளிச்சாரு. ரெண்டு பேருமே அடுத்தவங்க ஆயுதத்தைத்தான் ஒளிச்சிருக்காங்க."

பட்டாசு ஒரு கணம் யோசித்தாள். "அப்ப ரெண்டு பேரும் சுடல."

"சுடல. அடுத்தவங்க சுட்டாங்கன்னு ரெண்டு பேரும் நம்பறாங்க. நம்பிக்கிட்டே ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்தறாங்க."

"அப்ப சுட்டது யாரு?"

தராசு பைக்கை உதைத்துக் கிளப்பினார். வண்டி பறந்தது.

*

வார்டுக்கு வெளியே, படிக்கட்டுத் திருப்பத்தில், வெடி வெடித்தேவிட்டது. அத்தை காத்திருக்கவில்லை. அம்மாக்காரியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். இன்னொரு கையில் போன்.

"சொல்லு! அவன்தானே சுட்டான்? நீ சொல்றியா, போலீஸ்ல வந்து சொல்ல வைக்கட்டுமா?"

"இல்ல அண்ணி... அவர் நல்லவரு அண்ணி... ஏதோ ஒரு நேரம்..." அம்மாக்காரி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். "அவரும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

துவைத்த துணிப் பையோடு படியேறி வந்த மெக்கானிக் இதைக் கேட்டான். பையைக் கீழே வைத்தான். பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல், அத்தையைப் பார்த்துச் சொன்னான்.

"ஆமாங்க. நான்தான் சுட்டேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. கூப்பிடுங்க போலீசை."

அத்தையின் முகத்தில் வெற்றி வரவில்லை. போனைப் பிடித்திருந்த கையைத் தொங்கவிட்டாள். அம்மாக்காரி வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எதால சுட்டீங்க?" என்றார் தராசு, பின்னாலிருந்து.

"சி... சிகரெட்டால."

"அப்ப சீட்டுக்கு அடியில இவங்க கம்பி எதுக்கு?"

அவன் கீழே வைத்த பையைத் திரும்பத் தூக்கினான்.

"நான் சொல்றேன். நீங்க அந்தப் புண்ணைப் பாத்தீங்க. ராப்பகலா கம்பியும் கையுமா வேலை பாக்கறவ, குழந்தை படுத்தினதுல ஏதோ ஆத்திரத்துல சுட்டுட்டான்னு நினைச்சீங்க. இவங்க, நீங்கன்னு நினைச்சாங்க." அம்மாக்காரி நிமிர்ந்து பார்த்தாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க, ரெண்டு பேரும். நெருப்பு பட்டா ஆறு வயசுக் குழந்தை ஊரைக் கூட்டும். உங்களுது ரெண்டே ரூம் வீடு. அவ கத்தினதை யார் கேட்டீங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பல நாளுக்குப் பிறகு பார்த்துக்கொண்டவர்கள் மாதிரி.

"கத்தவேயில்ல," என்றாள் அம்மாக்காரி மெதுவாக. "குளிப்பாட்டறப்பதான் பாத்தேன். தொட்டேன். வலிக்குதான்னு கேட்டேன். 'எது?'ன்னு கேட்டா."

தராசு காத்திருக்கவில்லை. "டாக்டர்!" என்று கத்திக்கொண்டே வார்டுக்குள் ஓடினார். ஆஸ்பத்திரியில் கத்தக்கூடாது என்று எழுதி வைத்த பலகையை இடித்துக்கொண்டு ஓடினார்.

டாக்டரம்மா போர்வையை விலக்கினாள். "அது முன்னாடி காட்டின க்ளினிக்ல ஊசி போட்ட இடம்னாங்களே? பழுத்திருக்கு, கட்டு போட்டிருக்காங்கன்னு சொன்னாங்க."

"பொய்ங்க," என்றாள் அம்மாக்காரி. "சூடு வெச்ச புண்ணுன்னு நினைச்சு, மறைக்க நான்தான் ஒட்டினேன்."

பிளாஸ்திரி ஸ்பிரிட்டில் நனைந்து பிரிந்தது. சிறுமியின் முகம் சுளிக்கவில்லை. அடியில் நடுவில் கறுத்துக் காய்ந்த பொருக்கு, சுற்றிச் சிவந்த வளையம். டாக்டரம்மா குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள். இரண்டு விரலால் தொடையிடுக்கை அழுத்திப் பார்த்தாள். அங்கே நெறிகட்டி உருண்டிருந்தது. நிமிர்ந்தபோது, கோபமா அழுகையா என்று தெரியாத முகம்.

"இதை யாரும் சுடல. உண்ணி கடிச்சிருக்கு. ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல். புதர்ல, உயரமான புல்லுல இருக்கும், கண்ணுக்கே தெரியாத குட்டிப் பூச்சி. எலாஸ்டிக், அக்குள், காது மடிப்பு, இப்படி இறுக்கமான இடமாப் பாத்துக் கடிக்கும். கடிச்சதும் தெரியாது, புண்ணும் வலிக்காது. கிருமி மட்டும் உள்ள போயிடும். இவ எங்க விளையாடுவா?"

"வீட்டுக்குப் பின்னால புதருக்குள்ள," என்றாள் பட்டாசு. "அங்க அவ வீடு கட்டி வெச்சிருக்கா." சொல்லும்போதே தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டாள்.

"நீங்க போனீங்களா? முதல்ல போய்ச் சோப்பு போட்டுக் குளிங்க, துணியைச் சுடுதண்ணில போடுங்க. ரெண்டு வாரத்துல காய்ச்சல் வந்தா நேரா இங்க வந்து புதர்னு சொல்லுங்க." பேசிக்கொண்டே டாக்டரம்மா நர்ஸ் பக்கம் திரும்பியிருந்தாள். "டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க நேரமில்ல, மருந்தை இப்பவே ஆரம்பிக்கறோம். டாக்ஸிசைக்ளின், மூக்குக் குழாய் வழியா. ட்ரிப்ல அசித்ரோமைசின். ஆக்சிஜனை ஏத்துங்க."

"அந்த மருந்து குழந்தைங்க பல்லைக் கறையாக்கும்னு சொல்வாங்களே?" என்றாள் அத்தை, டீச்சர் பழக்கத்தில்.

"கொஞ்ச நாள் கொடுத்தா ஒண்ணும் ஆகாதும்மா. பல்லைப் பத்திக் கவலைப்பட முதல்ல ஆள் வேணும்."

அத்தை வாயை மூடிக்கொண்டாள்.

"இதுவரைக்கும் நான் கொடுத்த எந்த மருந்துக்கும் இந்தக் கிருமி அசையாது," என்றாள் டாக்டரம்மா. "இந்தப் பொருக்கு ஒண்ணு கண்ணுல பட்டிருந்தா வந்த அன்னிக்கே கண்டுபிடிச்சிருப்பேன். பிளாஸ்திரியை நானாவது பிரிச்சிருக்கணும். அம்மா சொன்னதை நம்பிட்டேன்." பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தராசைப் பார்த்தாள். "காலையில என்கிட்ட பேசினீங்களே. இப்படி ஒரு தடம் இருக்குன்னு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா குத்தவாளி உஷாராயிடுவான்னு..." எத்தனையோ பொய் க்ளெய்மை எடைபோட்டவருக்கு அந்த வாக்கியம் எவ்வளவு இலேசானது என்று தெரிந்திருக்கும். ஒரு பகல் முழுக்க அவர்கள் சாம்பல் கிண்ணம் தேடியிருக்கிறார்கள். அந்தப் பகலில் இந்தக் குழந்தையின் நெஞ்சு இன்னும் வேகமாக ஏறி இறங்கியிருக்கிறது. பட்டாசுக்கு அவரைத் தேற்றவும் தோன்றவில்லை, கோபிக்கவும் தோன்றவில்லை. அவளும்தானே கூடப் போனாள்?

*

அன்று மாலை மெஷின் கட்டிலருகே கொண்டுவந்து நிறுத்தப்பட்டது. அடுத்த நாளும் அங்கேயே நின்றது. அதை மாட்டவில்லை, ஆனால் யாரும் தள்ளிக்கொண்டு போகவுமில்லை. அம்மாக்காரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தான். அத்தை இருவருக்கும் நடுவில் காப்பி டம்ளரோடு நடந்துகொண்டிருந்தாள், இருவரும் குடிக்கவில்லை.

அதற்கும் மறுநாள், குளித்துத் துவைத்து, உடம்பைச் சொறிந்துகொண்டே பட்டாசு வந்து பார்த்தபோது மெஷின் அங்கே இல்லை. காய்ச்சல் இறங்கியிருந்தது. சிறுமி வியர்வையில் நனைந்து தூங்கினாள், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு. ரத்தப் பரிசோதனையும் உண்ணிக் காய்ச்சல்தான் என்று சொல்லிவிட்டதாக டாக்டரம்மா சொன்னாள். இன்னும் ஒரு நாள் தள்ளிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவள் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

கேஸ் முடிந்தது. முதலாளி கீழே பைக்கில் காத்திருந்தார், மாடிக்கு வர அவருக்கு மனமில்லை. பட்டாசு மட்டும் வார்டுக் கதவருகில் நின்றாள். உள்ளே கட்டிலுக்கு இந்தப் பக்கம் அம்மாக்காரி, அந்தப் பக்கம் மெக்கானிக்.

"நான் சூடு வெப்பேன்னு நீ நம்பின," என்றான் அவன். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. களைப்புத்தான்.

"நீங்களும்தான் நம்பினீங்க."

"நம்பினேன். ஆனா உன்னை விட்டுக் கொடுக்கணும்னு எனக்குத் தோணல."

"எனக்கும் தோணல. அதான் பிளாஸ்திரி ஒட்டினேன்." அவள் சிறுமியின் நெற்றியிலிருந்து ஈர முடியை விலக்கினாள். "உங்களைக் காப்பாத்தணும்னு நான் நினைச்சேன். என்னைக் காப்பாத்தணும்னு நீங்க நினைச்சீங்க. இவளைக் காப்பாத்தணும்னு ரெண்டு பேருக்குமே தோணலையேங்க."

கட்டிலில் கிடந்தவள் கண்ணைத் திறந்து, கரகரத்த குரலில், "தண்ணி," என்றாள். இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். எழுந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு, அதற்குத் தாங்கள் தகுதியா என்று தெரியாதவர்கள் மாதிரி, இருவர் கையும் டம்ளர் பக்கம் நீளவில்லை. தண்ணீரை எடுத்துக் கொடுத்தது நர்ஸ்தான்.